மெதுவாகப் போயிருந்தால்?

வணக்கம் சார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அடிமை முறை ஒழிந்ததும் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல், கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் பள்ளியில் பிரித்து வைக்கக் கூடாது என்ற தீர்ப்பு வந்ததும் கலவரம், ஒபாமாவுக்குப் பின் டிரம்ப் என்று ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு கிளம்புகிறதே. அவசரப்படாமல் மெதுவாகப் போயிருந்தால் வெள்ளையர்களும் பழகியிருப்பார்கள் அல்லவா? கேட்டது தவறென்றால் மன்னியுங்கள்.
க., திருப்பூர்

அன்புள்ள க.,

தவறெல்லாம் இல்லை. அங்கேயே நல்ல மனசுக்காரர்கள் பலர் காலங்காலமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் மெதுவாகப் போய்ப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது, வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஃபார்ம்வில்.

அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 180 பேருக்கென்று கட்டினார்கள், 1950 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். பெற்றோர் புதுக் கட்டடம் கேட்டு நடையாய் நடந்தார்கள். கிடைத்தது தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள். மழையில் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பை ஒட்டி உட்கார்ந்தால் வேகும், தள்ளி உட்கார்ந்தால் கோட்டைக் கழற்ற முடியாது. 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் ஒரு காரியம் செய்தாள். நம் மாணவர்கள் பஸ் நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று பொய்யாக போன் போட வைத்துப் பள்ளி முதல்வரை வெளியே கிளப்பிவிட்டு, எல்லாரையும் அரங்கத்தில் கூட்டி ஸ்டிரைக் அறிவித்துவிட்டாள். அவர்கள் முதலில் கேட்டது ஒழுகாத கட்டடம், அவ்வளவுதான். சேர்ந்து படிக்கும் உரிமையைக் கேட்பதானால் வழக்கு நடத்துகிறோம் என்று சொன்னவர்கள் வழக்கறிஞர்கள்.

அந்த வழக்கு பிரவுன் வழக்கோடு சேர்ந்து 1954ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது, நீங்கள் சொன்ன பள்ளித் தீர்ப்பு அதுதான். அடுத்த வருஷமே, நிறைவேற்றக் கெடு எதுவும் வைக்காமல் 'நிதானமான வேகத்தில்' செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்கிற பொறுமை இதுதானே? அந்த அவகாசத்தில் யாரும் பழகிக்கொள்ளவில்லை, செனட்டர் ஹாரி பேர்ட் தலைமையில் மாநிலமே எதிர்ப்புச் சட்டங்களாகப் போட்டுக்கொண்டிருந்தது. 1959ல் இனி தள்ளிப்போட முடியாது என்றானதும், கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. அரசுப் பள்ளி அத்தனையும் மூடல், ஐந்து வருஷம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி முளைத்தது, கட்டணத்துக்கு அரசு உதவியும் வந்தது. கறுப்புப் பிள்ளைகளில் சிலர் வெளிமாநில உறவினர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் தேவாலயத்தில் கொஞ்சம் எழுத்து படித்தார்கள், பலர் வயலுக்குப் போனதோடு சரி. 1964ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அரசுப் பள்ளிகள் திறந்தன.

இவ்வளவும் ஒரு பட்ஜெட் முடிவில் நடந்தது. எதிர்ப்பு என்றதும் தெருவில் கல் எறிகிறவன்தான் நமக்கு ஞாபகம் வருகிறான், ஆனால் இந்தக் கதைகளில் கனவான்கள்தான் அதிகம். துப்பாக்கி தூக்கிய இடத்திலும் அப்படித்தான்: 1898ல் வட கரோலினாவின் வில்மிங்டனில் கும்பலோடு போய்க் கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகையின் அலுவலகத்தை எரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியை மிரட்டி ராஜினாமா செய்ய வைத்து, அன்றைக்கே மேயராக உட்கார்ந்த ஆல்ஃபிரட் வாடெல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர். கறுப்பினத்தவர் அங்கே என்ன அவசரப்பட்டார்கள்? ஓட்டுப் போட்டார்கள், கவுன்சிலராகவும் போலீஸாகவும் இருந்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். நன்றாக இருந்ததுதான் உறுத்தியது. அதே வருஷம் லூசியானா மாநிலம் கறுப்பினத்தவர் ஓட்டைப் பறிக்கத் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதியது. 1896ல் அங்கே 1,30,334 கறுப்பு வாக்காளர்கள், 1904ல் 1,342.

ஒபாமா, டிரம்ப் விஷயத்தில் மட்டும் நான் அவ்வளவு சுலபமாகக் கோடு போட மாட்டேன். 2012ல் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவர்களிலேயே ஒரு பகுதி 2016ல் டிரம்ப் பக்கம் போனது, அதில் நிறம் மட்டும் இல்லை. கறுப்பினத்தவர் ஓட்டைக் காக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதியை 2013ல் உச்ச நீதிமன்றம் முடக்கிய அன்றே, ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்கும், அதுவரை தடுக்கப்பட்டிருந்த சட்டத்தை டெக்சாஸ் கையில் எடுத்ததே, அதைத்தான் நான் உதாரணம் காட்டுவேன்.

அப்புறம் அந்த ஃபார்ம்வில் பிள்ளைகள். மூடலில் படிப்பை இழந்தவர்களுக்கு வர்ஜீனியா அரசு 2004ல் உதவித்தொகை அறிவித்தது. 1959ல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியிருந்த பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது.