குழந்தைக்கு வலிப்பு: மலையிறங்கும் முன் சில கேள்விகள்

குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது கோவையில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவம் பார்க்கிறேன். விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, வாடிய முகத்தோடு என் அறைக்கு வரும் நீலகிரிக் குழந்தைகளைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பயணம் வீணாகக் கூடாது என்பதே என் கவலை. நேரில் பார்க்காத குழந்தைக்கு மருந்தின் அளவு சொல்ல மாட்டேன், மற்றதைக் கேளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்: நான்கு வயது மகனுக்குப் பத்து நாட்களுக்கு முன் தூக்கத்தில் வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வழிந்தது. காய்ச்சல் இல்லை. இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டான். கோவையில் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் டாக்டர்?

அம்மா, ஃபைலைவிட முக்கியம், வலிப்பைக் கண்ணால் பார்த்தவர் வருவது. பாட்டி பார்த்திருந்தால் பாட்டியை அழைத்து வாருங்கள். வாய் எந்தப் பக்கம் கோணியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, கூப்பிட்டபோது அவனுக்குப் புரிந்ததா, பேச்சு திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பேன். பாதி நோயறிதல் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

மறுபடி வந்தால் ஒருவர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். விளக்கைப் போடுங்கள், கம்பளியை விலக்குங்கள். நம் ஊர்க் குளிரில் எடுக்கும் வீடியோக்களில் குல்லாவும் போர்வையும்தான் தெரிகின்றன. எனக்கு முகமும் இரு கைகளும் இரு கால்களும் தெரிய வேண்டும்.

அடுத்தது இ.இ.ஜி., அதாவது தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை. முந்தின நாள் தலைக்கு ஷாம்பு போட்டு அலசுங்கள். எண்ணெய் வைக்காதீர்கள், கம்பிகள் ஒட்டாது. தூக்கத்தில் எடுக்க வேண்டும் என்பதால் இரவு தாமதமாகப் படுக்க வைத்து அதிகாலையில் எழுப்பச் சொல்வார்கள். மலைக் குடும்பங்களுக்கு இங்கேதான் காரியம் கெடுகிறது. எழுப்பிய குழந்தை பஸ் ஏறியதும், குஞ்சப்பனை வருவதற்குள் அம்மா மடியில் தூங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் கண் விழிக்கிறது. பரிசோதனை அறையில் தூக்கமே வராமல் கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு அழுகிறது. முடிந்தால் முந்தின நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் மதிய நேரம் கேட்டு வாங்குங்கள். பஸ்ஸில் கதை சொல்லியாவது விழிக்க வையுங்கள். மாத்திரை ஏற்கெனவே கொடுப்பதாக இருந்தால் அன்று காலையும் கொடுக்க வேண்டும்.

இ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

உதகையிலிருந்து ஒரு தந்தை: ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சலில் ஜன்னி வந்து ஒரு நிமிடத்தில் நின்றது. இப்போது விளையாடுகிறாள். மூளை ஸ்கேன் எடுக்கக் கோவைக்கு வரட்டுமா?

வேண்டாம். 6 மாதம் முதல் 5 வயது வரை காய்ச்சலோடு வந்து சீக்கிரம் நிற்கும் ஜன்னிக்கு ஸ்கேனும் இ.இ.ஜி.யும் தேவைப்படுவதில்லை. காய்ச்சல் எதனால் வந்தது என்பதை உதகையிலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஜன்னி 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே காய்ச்சலில் திரும்ப வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை தெளியாமல் கிடந்தாலோ அது வேறு விஷயம். அப்போது உடனே மருத்துவமனை.

கூடலூரிலிருந்து ஒருவர்: தம்பி மகனுக்கு ஏழு மாதம். தூங்கி எழுந்ததும் தலை முன்னால் குனிகிறது, இரண்டு கைகளும் திடுக்கிட்டது போல விரிகின்றன. சில நொடி விட்டு மறுபடி. பத்து இருபது தடவை தொடர்ந்து நடக்கிறது. வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம். அடுத்த மாதம் கல்யாணத்துக்குக் கோவை வரும்போது காட்டலாமா?

அக்கா, அடுத்த மாதம் வேண்டாம். நாளையே கிளம்புங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது சிசுக்களுக்கு வரும் 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்' என்ற ஒருவகை வலிப்பாக இருக்கலாம். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொந்த மகனுக்கு இது வந்ததைப் பார்த்து, லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். தலை குனிந்து குனிந்து நிமிர்வதை அவர் விவரித்ததற்கும் நீங்கள் விவரித்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவர் மகனுக்கு அன்று மருந்து இல்லை. இன்று ஸ்டீராய்டு, ஏ.சி.டி.எச். ஊசி, விகபாட்ரின் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நாள் தள்ளத் தள்ளக் குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. சிரிப்பதும் முகம் பார்ப்பதும் குறைந்திருக்கிறதா என்று தம்பி மனைவியிடம் கேளுங்கள், தாய்க்குத் தெரிந்திருக்கும்.

இன்று மாலை அவன் தூங்கி எழும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். போனில் நேரம் கேட்கும்போது "இன்ஃபன்டைல் ஸ்பாசம் சந்தேகம்" என்று சொல்லுங்கள், காத்திருக்க வைக்க மாட்டார்கள். கோவையோ கோழிக்கோடோ, எங்கே முதலில் நேரம் கிடைக்கிறதோ அங்கே போங்கள். பெங்களூர் என்றால், பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களை விடுவதில்லை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூரிலிருந்து ஒருவர்: வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்தால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் அது அவசரம். குன்னூரிலிருந்து காரில் கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் பர்லியாரைக்கூடத் தொட முடியாது. ஆகவே மலையில் இருக்கும் குடும்பங்களுக்கு வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதித் தருவார். அடித்துவிட்டு 108ஐ அழைத்து, பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு நிற்காத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நேராகக் கோவைக்கு இறங்காதீர்கள்.

உதகையிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு வலிப்பு மாத்திரை ஓடுகிறது. சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவி, தலையணையிலும் இரண்டு சொட்டு விடுவேன். நல்லதுதானே?

வேண்டாம் பாட்டி. யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. வலிப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் அவன் பக்கம் கொண்டு போகாதீர்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

தைலம் காய்ச்சும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்: மூன்று தலைமுறையாக அடுப்பில் இலையை வேக வைக்கிறோம். எங்கள் குழந்தைகள் அந்த ஆவியில்தான் வளர்ந்தார்கள். ஒருவருக்கும் வலிப்பு வந்ததில்லை. எங்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள் டாக்டர்.

ஐயா, என் அப்பாவின் முழங்காலுக்கு அந்தத் தைலம்தான் தேய்த்தோம். பெரியவர்களின் மூட்டுவலிக்கு நீங்கள் விற்பதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை என்பதையும் நம்புகிறேன். எல்லாக் குழந்தைக்கும் வராது. ஆனால் ஒரு டீஸ்பூன் தைலத்தை விழுங்கிய குழந்தைகூட வலிப்பு வந்து மயங்கிவிடலாம். தடவியதாலும் முகர்ந்ததாலும் வலிப்பு வந்த குழந்தைகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

அவரே மீண்டும்: அதெல்லாம் கலப்படத் தைலம். சுத்தமான தைலத்தால் வராது.

இந்த நம்பிக்கையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். தைலத்துக்கு மணமும் குணமும் தருவது சினியோல். நல்ல தைலத்தில் பாதிக்கு மேல் அதுதான். மூளையைத் தூண்டுகிற பொருள்களில் ஒன்றும் அதுவே. சுத்தம் கூடினால் சினியோல் குறையாது ஐயா.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலில் "குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி போடுங்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு, பாட்டிலோடு போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெலிங்டனிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டைச் சுற்றி யூகலிப்டஸ் மரங்கள். வீடு மாற வேண்டுமா?

வேண்டாம். எச்சரிக்கை பாட்டிலில் இருக்கும் தைலத்துக்குத்தான்; மரத்துக்கு இல்லை.

கூடலூரிலிருந்து இன்னொருவர்: சாவிக்குப் பதில் அரிவாள் கொடுக்கலாமா?

மேலே பதில் சொல்லிவிட்டேன். இரும்பு பற்றி இன்னும் நான்கு கேள்விகள் வந்திருக்கின்றன. நான்குக்கும் அதே பதில்தான். துடிக்கிற கையில் அரிவாளா? தயவுசெய்து வேண்டாம்.

மஞ்சூரிலிருந்து ஒரு தந்தை: ஒன்பது வயது மகளுக்கு இரண்டு மருந்து கொடுத்தும் மாதம் ஐந்தாறு முறை வருகிறது. இன்னும் மருந்து மாற்றிக்கொண்டே இருப்பதா?

முதலில், ஒரு வேளைகூட விடாமல் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கடை தூரம், மழை, மண்சரிவு என்று இரண்டு நாள் மாத்திரை நின்றால் அதனாலேயே வலிப்பு வரும். வீட்டில் எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கையிருப்பு இருக்க வேண்டும்.

அதெல்லாம் சரியாக இருந்து, தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், மூன்றாவது மருந்து மட்டுமே வலிப்பை முழுக்க நிறுத்தும் வாய்ப்பு குறைவு. அறுவை சிகிச்சை உதவுமா என்று பார்க்கும் மையத்துக்குப் போக வேண்டிய நேரம் இது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனமும் பெங்களூர் நிம்ஹான்ஸும் இதற்குப் பெயர் பெற்றவை. சில குழந்தைகளுக்கு, மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோன் உணவுமுறையும் பலன் தரும். மருத்துவர் மேற்பார்வையில் மட்டும். எல்லா எம்.ஆர்.ஐ. படங்களையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். வலிப்பு வரும்போது எடுத்த வீடியோ இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எதெல்லாம் கிடைக்கும்?

இதை என்னிடம் கேட்க வேண்டாம். போகப்போகும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உதகையிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு ஆறு மாதமாக வலிப்பு இல்லை. பள்ளியில் ஏரிக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போகிறார்கள். வலிப்பு இருப்பதைச் சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சொல்லுங்கள் அம்மா. என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, ஸ்ப்ரேயோடு வகுப்பு ஆசிரியை கையில் கொடுங்கள். தெரிந்துகொண்டால் அவர்கள் பயம் குறையும். வீட்டில் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது, கணப்பு அடுப்பின் ஓரம் தனியாக உட்காரக் கூடாது. படகில் லைஃப் ஜாக்கெட் போட்டு, விஷயம் தெரிந்த ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து போகட்டும். அன்று காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.