பரணில் கிடக்கும் அச்சு

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவன் துபாயில் இருக்கிறான், இளையவன் டொரண்டோவில். இந்த ஆண்டும் இருவராலும் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது.

டிசம்பர் பிறந்தால் ஊரெங்கும் விளக்கு, வீட்டுக்கு வீடு நட்சத்திரம். ஆனால் ஏழு மணிக்கு மேல் ஒரு கதவும் திறந்திருப்பதில்லை. கேரல் குழு வருகிறது. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, கவரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கள் அன்பியத்தின், அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவின், வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்கள் குவிகின்றன. பக்கத்தில் வீடு கட்டி வந்திருப்பவர்கள் நல்ல மாதிரி. நான்கு ஆண்டுகளாகப் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம், பெயர் தெரியாது. முன்பு பலகாரம் சுடுவேன். இப்போது ஒருத்திக்காக எதற்கு என்று அச்சப்பம் (அச்சு முறுக்கு) சுடும் அச்சைப் பரணில் போட்டுவிட்டேன். மார்த்தாண்டத்தில் நாலைந்து பெட்டி வாங்கித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்து பழகிவிட்டது.

என்னைப் போன்றவர்கள் இந்தக் குளிர்கால விடுமுறை நாட்களை மனம் சோராமல், நாலு பேரோடு ஒட்டி உறவாடிக் கழிக்க என்ன வழி? வாசிக்கச் சில நூல்களும் சொன்னால் நல்லது.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

குளிர்காலம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். டொரண்டோ மகனோடு பேசிப் பேசி ஒட்டிக்கொண்டதாக இருக்கும். நம் மாவட்டத்து டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் கொஞ்சம் இருக்கும், விடியற்காலைப் பனி இருக்கும், ரப்பர் மரங்கள் இலை பழுத்து உதிரத் தொடங்கும். இதற்கே நாம் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வோம். மகன் பார்த்தால் சிரிப்பான்.

நூல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் உள்ளே இன்னொரு தாழ்ப்பாளும் விழும். ஜனவரியில் கேளுங்கள், பெரிய பட்டியலே தருகிறேன். வாட்ஸ்அப் குழுவை அதன் போக்கில் விடுங்கள், அதனால் நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. கேரல் பையன்களைக் குறை சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மழை பெய்து சேறான வழியில் ராத்திரி பத்து மணிக்கு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் பஞ்சுத் தாடி நனையாமல் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் உங்கள் வாசலுக்கு வருகிறது. நீங்கள் கேட்டருகில் நின்று கவரை நீட்டினால் அவர்கள் வாங்கிக்கொண்டு போகாமல் என்ன செய்வார்கள்? உள்ளே கூப்பிட்டு ஒரு கட்டன்சாயா கொடுத்தீர்களா? அதில் இரண்டு பேராவது உங்களிடம் படித்தவனின் பிள்ளையாக இருப்பான். கேட்டுப் பார்த்தீர்களா? நாற்பது பேரை ஒரு வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்திய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நான் உட்கார்ந்து பதில் எழுதக் காரணம் இவை எதுவும் இல்லை. "யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்து பழகிவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சைக் கொஞ்ச காலமாக எங்கும் கேட்கிறேன். கல்யாண வீட்டில் கேட்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்கிறேன், அடக்கம் முடிந்து திரும்பும் வழியில்கூட ஒருவர் இறந்தவரைப் பற்றி இதையே பாராட்டாகச் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. நீங்களும் இதை ஒரு நற்பண்பு என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். இல்லை டீச்சர். உங்கள் நோயே இதுதான்.

நம் மேற்குப் பகுதியில் வீடுகள் தெருவாக அமைந்தவை அல்ல. நாஞ்சில்நாட்டு ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்தாலே எதிர்வீட்டுக் குழம்பு வாசனை வரும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் அவரவர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவே அவரவர் வீடு. இடையில் வாழையும் மரச்சீனியும் நிற்கும். ஆள் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது காரியம் இருந்தாக வேண்டும். அந்தக் காரியங்கள் அப்போது ஏராளமாக இருந்தன. உறையூற்ற மோர், உலை வைத்த பிறகு தீர்ந்துபோன உப்பு, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி. விளைக்கு விளை மண் கையாலைதான் எல்லை, அதில் ஆள் ஏறி இறங்கித் தேய்ந்த ஒரு வழி இருக்கும். பிறகு வெளிநாட்டுப் பணம் வந்தது, கையாலை மதிலாயிற்று, மதிலில் கேட் வந்தது, கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. படித்ததற்கு இந்தப் பலகையாவது பயன்படுகிறது.

இனி அச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம் அது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சுற்றுவட்டத்தில் அச்சப்ப அச்சு இருந்த வீடுகள் மிகக் குறைவு. வெண்கல வார்ப்பில் பூப்போன்ற வட்டம், அதிலிருந்து நீண்ட இரும்புக் கம்பி. பல வருடம் எண்ணெய் குடித்துக் கருத்த பழைய அச்சுக்குத்தான் மதிப்பு. புது அச்சில் மாவு பிடித்துக்கொண்டு விடாது. அதனால் நல்ல அச்சு இருந்த மாமியின் வீட்டில், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்த மறுநாளே, டிசம்பர் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் சொல்லி வைக்கும் படலம் தொடங்கிவிடும். இன்னார் வீட்டுக்கு இன்ன நாள். முறை தவறினால் சண்டை. கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் வரை நீடித்த சண்டைகள் எனக்குத் தெரியும். பேசாமல் இருந்த இரண்டு பெரியம்மைகளும் அடுத்த டிசம்பரில் அந்த அச்சுக்காகவே பேசியாக வேண்டியிருந்தது.

அச்சை வாங்கிவர அனுப்பப்படுவது சிறுவர்கள். மாமி சும்மா எடுத்துத் தந்துவிட மாட்டாள். "மக்களே, அம்மை எவ்வளவு அரிசி போட்டிருக்கிறாள்? சர்க்கரை போன வருடம் கூடிப்போயிற்று என்று சொல். பாட்டாவுக்கு இருமல் நின்றதா? அக்காளைப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?" இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகுதான் அச்சு கைக்கு வரும். வாழையிலையில் சுற்றித் தருவாள். முந்தைய வீட்டின் எண்ணெய் இலைக்குள் கசிந்திருக்கும், கம்பியை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் அச்சைக் கொண்டுபோவது கிடையாது. கூடவே ஒரு தட்டில் அப்பம் போகும். டிசம்பர் முடியும்போது அத்தனை வீட்டு அச்சப்பமும் மாமியின் வீட்டில் இருக்கும். யார் வீட்டில் தேங்காய்ப்பால் குறைவு, யார் முட்டையில் மிச்சம்பிடித்தார்கள் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் அடுப்பில் எண்ணெய் வைக்க மாட்டார்கள், அங்கே எல்லா வீட்டிலிருந்தும் தட்டு போகும். அதைப் பார்த்துக்கொள்வதும் மாமிதான். யாரும் அவளிடம் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. அச்சு அவளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். அச்சப்பம் தனியாகச் சுடுகிற பலகாரம் இல்லை. எண்ணெயில் அச்சைக் காயவைத்து எடுத்து மாவில் முக்க வேண்டும், அதுவும் முக்கால் உயரம்தான். மேல்விளிம்பு மாவில் மூழ்கிவிட்டால் அப்பம் கழன்று வராது. மறுபடி எண்ணெயில் இறக்கி லேசாக உதற வேண்டும், ஈர்க்கிலால் தள்ளி எடுக்க வேண்டும். அதற்குள் அடுப்பு ஓங்கிவிடும், மாவில் எள் அடியில் போய்த் தங்கிவிடும். முக்க ஒருவர், எடுக்க ஒருவர், தீ பார்க்க ஒருவர் தேவை. தின்று பார்த்துக் குறை சொல்ல நாலு பிள்ளைகள் வேண்டும். ஒருத்திக்காக எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒருத்திக்காக யாருமே எப்போதும் சுட்டதில்லை.

நீங்கள் நாலைந்து பெட்டி வாங்கிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனம்தான். ஆனால் கொடுப்பது சுலபம் டீச்சர். நமக்குக் கை நீளுகிறது, மேலே இருக்கிறோம், வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், முடிந்தது கணக்கு. பண்டிகைக் காலம் வந்தால் கொடுங்கள், கொடுங்கள் என்றே எல்லோரும் உபதேசிக்கிறார்கள். கேளுங்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. கேட்கும்போதுதான் நாம் அடுத்தவர் கையில் இருக்கிறோம், அவர் முடியாது என்றும் சொல்லலாம். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து ஒரு மாவட்டமே மதில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒக்கிப் புயல் நினைவிருக்கும், 2017 நவம்பர் 30. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத கடற்கரை ஊர்களில் அந்தக் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாகவே இல்லை, அதைப் பற்றி இங்கே பேச எனக்கு வாய் வரவில்லை. உள்நாட்டு ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன். ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன, கம்பங்கள் சாய்ந்தன, நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாமல் போனதும் வாளியும் கயிறும் உள்ள கிணறு யார் வீட்டில் என்று தேடினோம். ஜெனரேட்டர் இருந்த வீட்டுத் திண்ணையில் ஊர் செல்போன்கள் எல்லாம் வரிசையாகக் கிடந்து சார்ஜ் ஏறின. வழியில் விழுந்த மரத்தை வெட்ட அவரவர் வெட்டுகத்தியோடு வந்தார்கள். அந்த இருட்டில் ஊர் பேசிய பேச்சு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பல வருடம் முகம் பாராமல் இருந்த இருவர் ஒரே கிணற்றடியில் குடத்தோடு நின்று வாழைக்கு நிவாரணம் கிடைக்குமா என்று விவாதித்ததைப் பார்த்தேன். மின்சாரம் வந்த அன்று ராத்திரியே கேட்டுகள் மூடிக்கொண்டன.

பிள்ளைகள் வரவில்லை என்ற உங்கள் வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. அது இருக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் கிறிஸ்துமஸுக்குள் சுசீந்திரத்தை இழுக்கிறேன், கோபிக்காதீர்கள். குமரிக்காரரான உங்களுக்கு அது அந்நியமும் இல்லை. இதே மார்கழியில் அங்கே தாணுமாலயன் கோயிலில் பத்து நாள் திருவிழா. மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றிலிருந்து பிள்ளையார் வருகிறார், வேளிமலைக் குமாரகோவிலிலிருந்து முருகன் வருகிறார். அம்மை அப்பனோடு இருந்துவிட்டு, ஒன்பதாம் நாள் தேரோட்டம் முடிந்த ராத்திரி சப்தாவர்ணம் என்ற நிகழ்ச்சியில் விடைபெற்றுப் போகிறார்கள். அந்த வேளையில் கூட்டத்தில் நிற்கும் வயதான பெண்களின் முகங்களைப் பார்க்க வேண்டும். பாதிப் பேரின் பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள். ஆனால் நான் அங்கே பார்ப்பது வேறு. பிள்ளையாரும் முருகனும் தாங்களாக வந்துவிடுவதில்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் கூடி, பேசி, சண்டை போட்டு, மேளக்காரரைத் தேடி, அழைத்துக்கொண்டு வருகிறார்கள். பெற்றோரைப் பார்க்க வந்தது தெய்வம், அந்தச் சாக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது ஊர்.

உங்களுக்கும் அப்படி ஒரு சாக்கு வேண்டும். அது உங்கள் பரணிலேயே கிடக்கிறது.

நாளைக்கே செய்யுங்கள். இந்த வயதில் நீங்களாக நாற்காலி போட்டுப் பரணில் ஏறக்கூடாது, அது மடத்தனம். பக்கத்து வீட்டுக்குப் போங்கள். பலகாரப் பெட்டி எதுவும் கொண்டுபோகாதீர்கள், வெறுங்கையோடு போங்கள். ஏணி இருக்கிறதா, ஏற ஓர் ஆள் வருவாரா என்று கேளுங்கள். பெயரையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான்கு வருடம் கழித்து எப்படிக் கேட்பது என்று தயங்கினால் ஐந்தாவது வருடமும் வந்துவிடும். அரையாண்டு விடுமுறை, பிள்ளைகள் இருந்தால் வீட்டில் சலித்துப்போய்த்தான் கிடப்பார்கள். அச்சை இறக்கிய பிறகு சும்மா போகமாட்டார்கள், இது என்ன என்று கேட்பார்கள். அதற்குமேல் என்ன செய்வது என்று ஓர் ஆசிரியைக்கு நான் சொல்லித்தர வேண்டாம்.

அச்சில் களிம்பு ஏறியிருந்தால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு கஞ்சித்தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் துடைத்துக் காயவைத்து எண்ணெயில் இறக்கி நன்றாகக் காய விடுங்கள். முதல் சில அப்பம் ஒட்டிப் பிய்ந்துதான் வரும், பிள்ளைகள் அதைத்தான் அடித்துப் பிடித்துத் தின்பார்கள். அன்பியத்தில் யாருக்காவது அச்சு வேண்டுமா என்று அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே கேளுங்கள், அதற்கும் ஓர் உபயோகம் இருக்கட்டும். எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். கொலஸ்ட்ரால், ரீபைண்ட் என்று ஆரம்பித்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதிவிடாதீர்கள், அதற்குப் பதில் போட மாட்டேன்.