உயர்தர ஒலிக்கருவிகள் இவ்வளவு சிறிதாகிவிட்டனவே, தரம் குறையாதா?

அலமாரியை அடைத்துக்கொண்ட ஆம்பிளிஃபையர் இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. ஒலி கெடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம்பிளிஃபையரைப் பொறுத்தவரை அந்தப் பயம் வேண்டாம்.

பழைய பெட்டியின் மூடியைக் கழற்றினால் நடுவில் கனத்த டிரான்ஸ்ஃபார்மர், இருபுறமும் சீப்புப் பற்கள் போல அலுமினியத் தகடுகள். ஒலியைக் கையாளும் சுற்று ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பெரும்பாலான இடம் மின்சாரத்தைத் தரவும் வெப்பத்தைச் சமாளிக்கவும்தான்! கிளாஸ் ஏ என்ற ஆம்பிளிஃபையர் வகை, பாட்டு ஓடாதபோதும் மின்சாரத்தைக் குடித்து வெப்பமாகக் கொட்டும். இன்றைய சிறிய ஆம்பிளிஃபையர்களில் உள்ள கிளாஸ் டி வகையில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகின்றன. பாதித் திறப்பில் நின்று சூடாவதில்லை. செயல்திறன் 90 சதவீதத்தைத் தொடுகிறது. தகடுகளும் சுருங்கிவிட்டன.

சிறிய ஒலிபெருக்கியும் புதிதல்ல. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம்தான். மனிதக் குரலை அது தரும் அழகுக்காகவே இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

சிறிய ஒலிபெருக்கியில் இழப்பு இருப்பது அடிநாதத்தில், அதாவது தாழ்ந்த ஒலிகளில் (பேஸ்). அதே சத்தம் வேண்டுமானால், அலைவெண் பாதியாகும்போது, காற்றை அசைத்து ஒலி எழுப்பும் ஒலிபெருக்கிக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். சின்னக் கூம்பு அங்கே திணறும். எந்த மென்பொருளும் இந்தக் கணக்கை மாற்றாது. ஆகவே சிறிய அறைக்கு நான் சொல்வது: நல்ல சிறிய ஒலிபெருக்கி இரண்டு, தேவைப்பட்டால் பிறகு அடிநாதத்துக்கென்றே உள்ள ஒலிபெருக்கியான சப்வூஃபர் ஒன்று.