ஐஸ் ஹவுஸும் 'சில கால'மும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் மெரினா எதிரே விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அமெரிக்க வணிகரின் பனிக்கட்டிக் கிடங்கு, வழக்கறிஞரின் மாளிகை, சுவாமி தங்கிய இடம், பிறகு சில காலம் விதவைகள் விடுதி, இன்று கண்காட்சி. எத்தனை அவதாரங்கள்! இதை ஒரு குறிப்பாக எழுதி வருகிறேன். ஒரு சந்தேகம்: 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயரை மாற்றியது சரியா?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1963இல் விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி அரசு புதுப் பெயர் சூட்டியது. காவல் நிலையம் இன்றும் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம்தான். ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டிக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஃபிரெடரிக் டியூடர் 1842இல் கட்டிய கிடங்கு அது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்தார்கள். பனிக்கட்டியை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வணிகம் படுத்துவிட்டது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னல்களும் வட்டத் தாழ்வாரங்களும் சேர்த்து, நீதிபதி கெர்னன் பெயரால் 'காசில் கெர்னன்' என்று அழைத்தார். 1897 பிப்ரவரியில் சுவாமி அங்கே ஒன்பது நாள் தங்கினார். அவர் மீது எனக்கு உள்ள மதிப்பு உங்களுக்குத் தெரியும்.

ஆனால் 'சில காலம் விதவைகள் விடுதி' என்று எழுதியிருக்கிறீர்களே, கை கூசவில்லையா? ஒன்பது நாள் தங்கியவருக்குப் பெயர் உண்டு. பனிக்கட்டி விற்றவருக்கு ஊரும் நாடும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அங்கே வாழ்ந்து படித்த சிறுமிகளுக்கு உங்களிடம் இருப்பது 'சில காலம்' மட்டும்தானா?

அரசு 1917இல் அந்தக் கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்பலட்சுமி எழும்பூரில் தொடங்கிய இல்லம் அங்கே வந்தது. அவரே குழந்தை விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். தலையை மழித்து, நார்மடிச் சேலை உடுத்தவைத்து, அடுப்படி இருட்டில் ஊர் ஒதுக்கிய பெண்களைத் தேடித் தேடி அழைத்துவந்து எழுத்தறிவித்தார். 1922இல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவர்தான் முதல்வர். எதிரே வந்தால் சகுனத் தடை என்று ஊர் விரட்டிய பெண்கள், அதே ஊர்க் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கப் போனார்கள். பிராமணப் பெண்களுக்கு என்றே ஏற்பட்ட விடுதி அது. அந்த எல்லையையும் எழுத வேண்டும். எழுதாமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

எனக்கு இதில் கோபம் வருவதற்கு வேறு காரணமும் உண்டு. என் அத்தைப்பாட்டி பன்னிரண்டு வயதில் கணவனை இழந்தவர். முகம்கூட நினைவில்லாத கணவன். கிராமத்தில் விடியுமுன் ஆற்றுக்குப் போய், எவர் கண்ணிலும் படாமல் திரும்பிவிட வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் அவர் அப்பாவிடம் பேசி அந்த இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். படித்து ஆசிரியை ஆனார். நான் பார்க்கும்போது ஓய்வு பெற்றிருந்தார். பழைய சோப்புப் பெட்டி ஒன்றில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில்களைச் சேர்த்து வைத்திருப்பார். ஒன்றைக்கூட எறியவிட மாட்டார். பிளேடால் சீவி, நுனியை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்.

அவரோடு பஸ்ஸில் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறேன். ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொள்வார். கட்டடம் கண்ணில் பட்டதும் என் கையைப் பிடித்து, "மேலே பார், மூன்றாவது ஜன்னல். அங்கேதான் என் படுக்கை," என்பார். ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். கடற்காற்றில் முக்காடு நழுவும். வேறு இடமாக இருந்தால் சட்டென்று இழுத்துக்கொள்வார். அந்த நிறுத்தம் தாண்டும்வரை அவர் கை தலைக்குப் போனதில்லை. குட்டையான நரைமுடி காற்றில் பறக்க அப்படியே உட்கார்ந்திருப்பார்.

குறிப்பை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் 'சில காலம்' என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சுப்பலட்சுமியின் பெயரை எழுதுங்கள். ஆவலோடு படிக்கிறேன்.