எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் மகள் டிஜிட்டல் பண்பாடு படிக்க வேண்டும் என்கிறாளா?

"நாள் முழுக்க போன்தான். இப்போது அதையே மூன்று வருஷம் படிக்கப் போகிறாளாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இணையத்தில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள், பழகுகிறார்கள் என்று ஆராயும் இந்தப் படிப்பில் சேர்ந்தபின் போனைப் பார்க்கும் சுகம் அவளுக்குக் குறையத்தான் வாய்ப்பு அதிகம்.

வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு வீடியோவின் கீழே வந்த 200 கருத்துகளை எடுத்துக்கொண்டு, ஆதரவு, கிண்டல், வசவு, விளம்பரம் என்று வகை பிரிக்க வேண்டும். எது கிண்டல், எது வசவு என்பதற்கு முன்கூட்டியே விதி எழுத வேண்டும். அதே 200 கருத்துகளை இன்னொரு மாணவர் தனியாகப் பிரிப்பார். "ஆஹா, என்ன அருமையான பேச்சு" என்பதை உங்கள் மகள் ஆதரவு என்று போட்டிருப்பாள். அவரோ கிண்டல் என்று போட்டிருப்பார். தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்துவிட்டு, இருவரும் உண்மையில் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிட வேண்டும். ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த ‘காப்பா’ என்ற அளவுதான் இதற்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எண் குறைவாக வந்ததா? விதியைத் திருத்தி மறுபடியும் முதலிலிருந்து. சலிப்பூட்டும் வேலைதான். இதில் ருசி காணும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒட்டும். நிறைய ரீல்ஸ் பார்ப்பது ஒரு தகுதியே இல்லை.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. 1964-இல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தில், தொலைக்காட்சி சொல்வதைப் பார்ப்பவர்கள் அப்படியே ஏற்கிறார்களா என்று ஸ்டூவர்ட் ஹால் போன்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் இப்போது இணையத் தளங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். குறிப்பிட்ட மென்பொருள்களின் பெயர்களாகவே நிரம்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ட்விட்டர் தன் தரவை ஆய்வாளர்கள் இலவசமாக எடுக்கும் வழியை 2023-இல் மூடியது. பேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய க்ரவுட்டேங்கிள் என்ற கருவியை, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. அவற்றை மட்டுமே நம்பியிருந்த ஆய்வுகள் நடுவழியில் நின்றன. புள்ளியியல், நேர்காணல் எடுக்கும் முறை, ஆய்வு அறம், நீண்ட கட்டுரை எழுதும் பயிற்சி, கொஞ்சம் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி: இவை பாடத்திட்டத்தில் இருந்தால் கருவி மாறினாலும் கவலை இல்லை.

சரி, வேலை? டாக்டர், வக்கீல் போல ஒற்றைப் பட்டம், ஒற்றை வேலை என்று இதில் இல்லை. உங்கள் பயம் அதுதான் என்றால், நியாயமான பயம். செயலியைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராயும் பயனர் ஆய்வு, தளங்களின் பாதுகாப்புப் பிரிவு, செய்தி நிறுவனங்களின் வாசகர் பகுப்பாய்வு, அருங்காட்சியகங்களின் டிஜிட்டல் ஆவணக் காப்பு ஆகியவற்றுக்கு இதைப் படித்தவர்கள் போகிறார்கள். சட்டங்களும் வேலையை உண்டாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, அங்கே 4.5 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய தளங்கள் தங்களால் சமூகத்துக்கு வரும் ஆபத்துகளை ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். வெளித் தணிக்கையும் உண்டு. ஆனால் முதல் வேலை கிடைக்க, பட்டத்தைவிட இரண்டு மூன்று நல்ல ஆய்வுகளைக் கையில் வைத்திருப்பது உதவும். முதல் வருஷத்திலிருந்தே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அவளுக்கு வீடியோ எடுப்பதில்தான் ஆசை என்றால் ஊடகத் தயாரிப்புப் படிப்புக்குப் போகட்டும். செயலி உருவாக்க ஆசை என்றால் கணினி அறிவியல். பெயரைப் பார்த்து இதில் சேர்ந்துவிட்டு, "கேமராவே தரவில்லை" என்று இரண்டாம் வருஷம் புலம்புகிறவர்கள் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் துறைக்கு எழுதி, போன வருஷ மாணவர்களின் இறுதி ஆய்வுத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலை அவளிடம் கொடுத்து, எவற்றைத் தானே செய்ய விரும்புவாள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் வேறு துறை பார்க்கலாம். நாலைந்து தேறினால், அப்புறம் கட்டணத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள்.