கருப்புத் திரை சர்வரில் மவுஸ் வேலை செய்யுமா?

பெருந்துறையில் ஒரு நூல் குடோனில் கணக்கு பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "எங்க ஆபீஸ் சர்வர்ல டெபியன் லினக்ஸ் இருக்குதுங்க. ஆன் பண்ணினா கருப்புத் திரையும் எழுத்தும் மட்டும்தான். மவுஸ் சொருகினா அசையறதே இல்லை. நீள நீளமான ஃபைல் பேரை எல்லாம் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியிருக்குது. டெஸ்க்டாப் போட்டு ரேமையும் கூட்டினாத்தான் மவுஸ் வரும்னு சர்வீஸ்காரர் சொல்றாருங்க. செஞ்சுடலாமா?"

வேண்டாங்க. பத்து பைசா செலவு வேண்டாம்.

இதற்கென்றே ஜிபிஎம் என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் பல வருஷமாக இருக்கிறது. கிராபிக்ஸ் கேட்காது, ரேமும் தின்னாது. ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக உள்ளே போய் ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, ஜி, பி, எம் மூன்றையும் சின்ன எழுத்தில் சேர்த்துப் போட்டு எண்டர் தட்டுங்கள். நெட் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும், டெபியனில் அது தானாகவே ஓடவும் ஆரம்பித்துவிடும். மவுஸை அசைத்தால் திரையில் ஒரு சின்ன கட்டம் நகரும், அம்புக்குறியைத் தேடாதீர்கள். இடது பட்டனை அழுத்தி இழுத்தாலே காப்பி ஆகிவிடும், நடு பட்டனை, அதாவது சக்கரத்தை அழுத்தினால் பேஸ்ட். ஒரு வார்த்தை மட்டும் வேண்டுமென்றால் அதன் மேல் இரண்டு கிளிக். ஆல்ட் எஃப்2 அழுத்தி அடுத்த கன்சோலுக்கு, அதாவது இதே மாதிரி இன்னொரு கருப்புத் திரைக்குப் போனாலும், இங்கே எடுத்ததை அங்கே ஒட்டலாம்.

சக்கரத்தைச் சுழற்றினால் பழைய வரிகள் மேலே வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஷிப்ட் பேஜ்அப் அழுத்தினால் மேலே போகிற வசதி முன்பு கன்சோலிலேயே இருந்தது, பராமரிக்க ஆளில்லை என்று 2020இல் வந்த 5.9 கர்னலில், அதாவது லினக்ஸின் அடிப்படை புரோகிராமில் அதையும் தூக்கிவிட்டார்கள். நம்மை மாதிரி ஆட்களை யார் கேட்டுவிட்டுச் செய்கிறார்கள்! நீளமான பட்டியலை, பக்கம் பக்கமாகக் காட்டுகிற லெஸ் கட்டளையில் பாருங்கள்.

பேஸ்ட் செய்யும்போது ஒரு ஆபத்து உண்டு. வரி முடிகிற இடம் வரைக்கும் இழுத்து எடுத்திருந்தால் எண்டரும் சேர்ந்தே வந்து விழும், நீங்கள் படித்துப் பார்ப்பதற்குள் கட்டளை ஓடி முடிந்திருக்கும். ரூட்டில் இருக்கும்போது அது ஃபைலை அழிக்கிற கட்டளையாக இருந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது? அதனால் கடைசி எழுத்தோடு நிறுத்திப் பழகுங்கள்.

சரி, அந்த சர்வீஸ்காரர் விஷயம். சைக்கிள் பெல் அடிக்கவில்லை என்று போனால் புல்லட் வாங்கச் சொல்கிற கதை இது. திருப்பூர், ஈரோடு பக்கம் இதையே பல இடங்களில் கேட்டுவிட்டேன். மவுஸ் டிரைவர் என்று சிடிக்கு பில் போடுகிறவர்களும் உண்டு, சாதாரண யூஎஸ்பி மவுஸுக்கு லினக்ஸில் தனி டிரைவரே தேவையில்லை. சர்வரில் டெஸ்க்டாப் ஏற்றினால் தொல்லைதான் கூடும். க்னோம் என்கிற டெஸ்க்டாப்பைப் போட்டுவிட்டு யாரும் தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் மெஷினே தூங்கப் போய்விடும், பில் போடுகிற பையன் சர்வர் செத்துப்போச்சு என்று போன் அடிப்பான், அதற்கு ஒரு விசிட் சார்ஜ். இதைவிடக் கொடுமை, ரூட் பாஸ்வேர்டை ஓனருக்கே தராமல் வைத்துக்கொள்வது. ஜிபிஎம் போடுவதற்கே அது வேண்டும். உங்கள் காசில் வாங்கின மெஷின், எழுதி வாங்கி முதலாளி பீரோவில் வையுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் ஜிபிஎம் உதவாது. சர்வர் முன்னால் உட்காராமல் உங்கள் மேஜை விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து, தூரத்திலிருந்தே சர்வருக்குள் போக உதவும் புட்டி என்ற புரோகிராம் வழியாகத்தான் உள்ளே போகிறீர்கள் என்றால், உங்கள் கையில் இருக்கிற மவுஸ் சர்வருடையது அல்ல, மேஜைக் கம்ப்யூட்டருடையது. சர்வரில் என்ன போட்டாலும் அதற்குத் தெரியாது. ஆனால் புட்டியிலேயே வசதி இருக்கிறது: இழுத்தால் காப்பி, வலது பட்டன் பேஸ்ட். எம்சி என்கிற ஃபைல் மேனேஜர் மாதிரி புரோகிராம் மவுஸைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டால் ஷிப்டை அழுத்திக்கொண்டு இழுங்கள். சிலர் புட்டியில் இருந்துகொண்டே கட்டத்தைத் தேடிவிட்டு ஜிபிஎம் ஓடவில்லை என்று சொல்வார்கள். அது சர்வரோடு நேராக மாட்டின மானிட்டரில்தான் தெரியும்.

அந்த மானிட்டரிலும் கட்டம் வரவில்லை என்றால் ஈடிசி ஃபோல்டரில் ஜிபிஎம் பெயரில் இருக்கிற கான்ஃப் ஃபைலைத் திறந்து, டிவைஸ் என்ற வரியில் டெவ், இன்புட், மைஸ் என்ற பாதை இருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் மாற்றிவிட்டு ஜிபிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.