பத்து வயது தாண்டிய கார்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் காருக்கு 11 வயது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஜொகூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் தானே இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஓடும்போது முள் இறங்குகிறது என்றால் எதிர்க்காற்று தன் வேலையைச் செய்கிறது. நிற்கும்போது அந்தக் காற்றைத் தர வேண்டியது ஃபேன். சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழ வேண்டும். ரேடியேட்டரே உள்ளுக்குள் அடைத்திருந்தால் பெரும்பாலும் விரைவுச்சாலை வேகத்திலும் மேடேறும்போதும் முள் ஏறும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏர்கானைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில விநாடிகளில் ஃபேன் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே ரிலேயின் குற்றமா என்று தெரிந்துவிடும். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஒரு நாள் சுற்றும், மறுநாள் சுற்றாது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் அன்று மட்டும் ஒழுங்காகச் சுற்றும்! இரண்டு ஃபேன் உள்ள கார் என்றால் இரண்டையும் பாருங்கள்.

ஃபேன் நன்றாக இருந்தால், ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்திருக்கும் தூசியையும் பூச்சிகளையும் மெல்லிய நீர்வீச்சில் கழுவச் சொல்லுங்கள். அழுத்தக் குழாயைப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ரேடியேட்டர் மூடியையும் விடாதீர்கள். அதன் ரப்பர் இறுகிப்போனால் உள்ளே அழுத்தம் நிற்காது. அழுத்தம் குறைந்தால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சீக்கிரமே கொதிக்கும். மலிவான உருப்படி என்பதாலேயே எல்லாரும் மறந்துவிடும் உருப்படி அது.

இத்தனைக்குப் பிறகும் முள் ஏறினால், அல்லது ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறி, அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் கசிவுக் கறை தெரிந்தால், தாராளமாக மாற்றுங்கள். அப்போது தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலண்டைத் திறந்துவிடும் வால்வு), மேல் கீழ் ஹோஸ்கள், மூடி எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். எப்படியும் கூலண்டை இறக்கத்தான் வேண்டும், கூலியை இரண்டு முறை கொடுப்பானேன்? குழாய்த் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கலந்தே விற்கும் கூலண்ட் நல்லது. அடர்கூலண்ட் வாங்கினால் சரிபாதி காய்ச்சி வடித்த நீர் சேர்க்கலாம்.

நெரிசலில் முள் ஏறும்போது ஏர்கானை அணையுங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், ஆவியும் கொதிநீரும் முகத்தில் அடிக்கும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். வெளியே கசிவே இல்லாமல் கூலண்ட் குறைவதும், எண்ணெய் மூடியின் அடியில் பால் தேநீர் நிறத்தில் படிவதும் அதன் அறிகுறிகள். தினமும் குறுகிய தூரமே ஓடும் காரில் வெறும் ஈரப்பதத்தாலும் மூடியில் அப்படிப் படியும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை.

கேள்வி: என் காரின் சி.ஓ.இ. (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடியப்போகிறது. 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கவா, 10 ஆண்டுக்கா? (வாசகி, செங்காங்)

பதில்: இரண்டுக்கும் அடிப்படை பி.கியூ.பி., அதாவது மூன்று மாத சி.ஓ.இ. ஏலக் கட்டணங்களின் சராசரி. 10 ஆண்டுக்கு முழுத்தொகை, 5 ஆண்டுக்குப் பாதி. 5 ஆண்டு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, அதோடு காரின் கதை முடிந்தது. 10 ஆண்டு எடுத்து நடுவில் காரை ஒப்படைத்தால் மீதிக் காலத்துக்கு ஏற்ற தொகை திரும்பக் கிடைக்கும். ஆகவே கையில் சொந்தப் பணம் இருந்தால் 10 ஆண்டு நல்லது. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் வட்டியை நினைத்து 5 ஆண்டோடு நிறுத்துங்கள். எதை எடுத்தாலும் பார்ஃப் கழிவு (புதுப்பிக்காமல் காரை ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) போய்விடும்.

சாலை வரியையும் கணக்கில் சேருங்கள். 10 வயது தாண்டினால் 10 விழுக்காடு கூடுதல்; ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 14 வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும். 1,598 சிசி பெட்ரோல் காருக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளியாக இருந்தது 1,113 வெள்ளி ஆகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த வாகனப் பரிசோதனையும் ஆண்டுதோறும் வரும்.

கேள்வி: அந்தப் பரிசோதனைக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (அதே வாசகி)

பதில்: டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் பால் ஜாயின்ட் ஆடுகிறதா, மஞ்சளேறிய ஹெட்லைட் ஒளி மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே போங்கள். குளிர்ந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்திகரிக்காது.

கேள்வி: சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ்) எண்ணெயை இதுவரை மாற்றியதே இல்லை. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்களே? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: மெதுவாகப் போகும்போது வண்டி ஏற்கெனவே குலுங்கினால், மாற்றிய பின் கியர்பாக்ஸ் போகலாம், அது எண்ணெயின் குற்றமல்ல. குலுங்கவில்லை என்றால் மாற்றுங்கள். இயந்திரம் வைத்து அலச வேண்டாம், இறக்கி ஊற்றினால் போதும். இறக்கியதை அளந்து, கார் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே ரக எண்ணெயை அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். ஒருமுறையில் முழுவதும் வெளியே வராது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இன்னொருமுறை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லி விற்றவர்கள் 20 ஆண்டு ஆயுளை நினைத்துச் சொல்லவில்லை.

கேள்வி: பழைய ஜப்பானிய கார் வாங்கப்போகிறேன். எளிதில் தவறிப்போகும் ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: தக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக். அதை ஊதி விரிக்கும் இன்ஃபிளேட்டரில் உள்ள அமோனியம் நைட்ரேட் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும். நம் ஊர்த் தட்பவெப்பம் அதற்கு மிகவும் மோசமானது. சேசிஸ் எண்ணை அந்த பிராண்டின் விநியோகிப்பாளரிடம் கொடுத்து, இந்தக் குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களின் பட்டியலில் உள்ளதா, ஏற்கெனவே மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். திரும்ப அழைப்பின் கீழ் மாற்றுவதற்குப் பணம் வாங்க மாட்டார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.